குமுளி மலை ஏறும்போது ஆல் வீல் டிரைவ் காரில் பின்பக்கம் இரைச்சல்: எதை முதலில் பார்ப்பது?

லோயர் கேம்ப்பிலிருந்து ஏறும்போது பின்னால் 'ஊம்' என்று இரைகிறது, கொண்டை ஊசி வளைவில் 'கடகட'வென்று இழுக்கிறது என்கிறீர்கள். இரண்டும் ஒரே கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதலில் டயர். நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் இந்த வகை வண்டியில் ஒரு டயரை மட்டும் புதிதாகப் போட்டிருந்தால் வளைவில் இழுக்க அதுவே போதும். நாலிலும் காற்றைச் சரிபார்த்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, நேராக ஒரு சுற்று உருட்டி அளந்து பாருங்கள். சுபாரு போன்ற வண்டிகளில் சுற்றளவு வித்தியாசம் சுமார் 6 மி.மீ.தான் தாங்கும்.

டயர் சரியென்றால் கம்பம் பக்கம் நேர் ரோட்டில், வண்டி நடமாட்டம் இல்லாதபோது, 60-ல் போய் ஸ்டீயரிங்கை லேசாக இடம் வலம் ஆட்டுங்கள். வலப்பக்கம் திருப்பும்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் இடது வீல் பேரிங். அதற்கெல்லாம் மாறாமல், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்றால் டிஃபரன்ஷியல் (வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் தொகுதி). முழுதாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் முன்பக்க சி.வி. ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டு), அதன் ரப்பர் உறை கிழிந்து ரிம் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும்.

பின் டிஃபரன்ஷியல் ஆயிலை வடிக்கும் முன் மேலே உள்ள ஃபில்லர் பிளக் (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) கழல்கிறதா பாருங்கள். வடித்தபின் அது வரவில்லை என்றால் வண்டி அங்கேயேதான்! ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயில் வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் பசை சகஜம். இரும்புச் சில்லு இருந்தால் ஆயில் மாற்றிப் பிரயோஜனமில்லை, பிரித்தே ஆகவேண்டும்.

கப்ளிங்குக்கு (முன், பின் சக்கரங்களுக்கு விசையை இணைத்துவிடும் பகுதி) தனி ஆயில் உள்ள மாடலில் அதை மாற்றினாலே பல நேரம் வளைவு இழுவை நின்றுவிடும். சாதாரண கியர் ஆயிலை மட்டும் அதில் ஊற்றிவிடாதீர்கள்.