வைப்ரபோனில் மெட்டும் கோர்ட்டும் சேர்த்துத் தனியாக வாசிப்பது எப்படி?

வைப்ரபோனில் (உலோகத் தகடுகளைக் கோலால் அடித்து வாசிக்கும் கருவி) நாலு கோலும் பிடிக்க வருது, ஆனால் மெட்டோடு கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்கள்) சேர்த்தால் கலங்கிக் கேட்குது, ஏன் என்று யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டிருக்கிறீங்கள்.

பெரும்பாலும் முழுக் கோர்ட்டையும் அடிக்கிறதுதான் காரணம். மெட்டை வலக்கையின் வெளிக்கோலுக்குக் கொடுங்கோ. இடக்கைக்குக் கோர்ட்டின் மூன்றாம், ஏழாம் சுரங்கள் போதும். டி மைனர் 7க்கு நடு சி, அதற்கு மேல் எஃப். ஜி 7க்கு பி, எஃப். சி மேஜர் 7க்கு பி, ஈ. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு கோல்தான் நகருது. இதையே எஃப் கீழே வரும்படி வைத்தால் ஈ-க்குத் தகடே இராது. வழமையான 3 ஒக்டேவ் கருவி நடு சி-க்குக் கீழுள்ள எஃப்-இலேயே தொடங்குது.

பெடலை மிதித்தால் ஒலி நீளும், விட்டால் நிற்கும். அதைப் புதுக் கோர்ட் அடிபடும் கணத்தில் விட்டு, உடனே மிதிக்க வேணும். பிந்தினால் புது ஒலி அறுந்துபோகும். மெட்டுச் சுரம் நீண்டு நிற்கும்போது பெடலை விட ஏலாது. அப்போது பழைய சி-யை மட்டும் நிறுத்த, பி-யை அடித்த கையோடு கோலின் தலையைப் பக்கத்து சி தகட்டில் மெதுவாக அழுத்துங்கோ. தட்டக்கூடாது, தட்டினால் அதுவும் ஒலிக்கும். இதுதான் கடினம், வடிவாக, மிக மெதுவாகப் பழகுங்கோ.

கருவி கையில் இல்லாத நாளில் கீபோட்டில் கைக்கு இரண்டு விரல் மட்டும் வைத்துப் பழகலாம்.