பிரிட்டனுக்கு செஃப் விசா என்று பணம் கேட்கிறார்களே?

தம்பி, ஹோட்டலில் தந்தூர் மாஸ்டராக இருக்கிறீர்கள், பிரிட்டனுக்கு செஃப் விசா வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் லட்சக்கணக்கில் முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். அவர் விற்கிற விசா இப்போது இல்லை.

2020 டிசம்பரில் ஸ்கில்ட் வொர்க்கர் விசா (வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான வேலை விசா) வந்தபோது செஃப் வேலைக்கும் அதில் இடம் இருந்தது. 2024 ஏப்ரலில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 26,200 பவுண்டிலிருந்து 38,700க்கு ஒரேயடியாக ஏற்றினார்கள். சின்ன உணவகங்களுக்கு அதுவே கட்டுப்படியாகவில்லை. 2025 ஜூலை 22 முதல் பொதுவாகப் பட்டப்படிப்புத் தரத்து வேலைகளுக்குத்தான் விசா என்று மாற்றியபோது செஃப் வேலையே பட்டியலை விட்டுப் போய்விட்டது. முன்பே அந்த விசாவில் இருப்பவர்கள் நீட்டித்துக்கொள்ளலாம், புதிதாக யாரும் வர முடியாது. எனக்கு இதில் கோபம் உண்டு. வருடக்கணக்காக அடுப்படியில் நின்று பழகிய கைக்கு எந்தக் கல்லூரி பட்டம் கொடுக்கிறது?

“மேனேஜர் என்று போட்டுவிடலாம், வந்து அடுப்பில் நில்லுங்கள்” என்று அடுத்து சொல்லிப் பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் 10 ஆண்டுகளுக்கு விசா மறுக்கப்படும். ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி, தரும் சான்றிதழுக்கான கட்டணத்தைத் தொழிலாளியிடம் வசூலிக்கவும் இங்கே பிரிட்டனில் தடை இருக்கிறது. அதையும் மீறிக் கடன் வாங்கிக் கொடுத்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை போனால் வேறு ஸ்பான்சர் தேடப் பொதுவாக 60 நாள்தான். அந்தப் பயத்திலேயே சம்பளம் குறைத்தாலும், ஓய்வு நாள் தராவிட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள்.

உங்கள் மனைவி ஸ்டாஃப் நர்ஸ் என்று எழுதியிருந்தீர்களே, முதலில் அதை யோசியுங்கள். நர்ஸ் வேலைக்கு விசா இன்னும் இருக்கிறது. ஆங்கிலத் தேர்வும் நர்ஸிங் கவுன்சில் தேர்வுகளும் எழுதி அவர் வந்தால், நீங்கள் டிபெண்டண்டாக, அதாவது அவருடைய விசாவைச் சார்ந்த கணவராக வந்து எந்தக் கிச்சனிலும் ஸ்பான்சர் இல்லாமல் வேலை பார்க்கலாம். பிடிக்காத முதலாளியை விட்டு மறுநாளே விலகலாம்.

வேறு நாடு என்றால், ஜெர்மனி அந்தந்த நாட்டுச் சமையல்காரர்களைச் சிறப்பு உணவகங்களுக்கு 4 ஆண்டு வரை எடுக்கிறது. ஜப்பான் பொதுவாக 10 ஆண்டு அனுபவம் கேட்கிறது, அதுவும் ஆவணத்தோடு. நம் மாஸ்டர்கள் பலரும் சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கடை மாறுகிறவர்கள், பி.எஃப். கணக்குகூட இருக்காது. அதனால் நீங்கள் வேலை பார்த்த ஒவ்வொரு ஹோட்டலிலும், சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்ன வேலை என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க இப்போதே ஆரம்பியுங்கள்.