இருபது வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சேலத்தில் தெருவுக்குத் தெரு உடற்பயிற்சிக்கூடங்கள் முளைத்த பிறகு எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிட்டன. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா என்று ஐம்பது வயதுக்காரர்கள் கேட்ட கேள்வியை இப்போது இருபத்தைந்து வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். பெயர்களை நீக்கி, கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

வயது 26. அம்மாப்பேட்டையில் விசைத்தறியில் இரவு ஷிஃப்ட். எந்நேரமும் களைப்பு. வேலை முடிந்து, டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் 272 என்று வந்தது. ஜிம் பயிற்சியாளர் ஊசியை ஆரம்பித்துவிடலாம் என்கிறார்.

ஆய்வகத்துக்குத்தான் அது காலை எட்டு மணி. இரவெல்லாம் விழித்திருந்த உங்கள் உடம்புக்கு அது நாளின் முடிவு. டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில் ஏறும். விழிக்கும் வேளையில் உச்சத்தில் இருக்கும். பிறகு படிப்படியாக இறங்கும். பகலில் வேலை செய்கிறவர்களைக் காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் வரச் சொல்வது இதனால்தான். சாப்பிட்டாலே அளவு குறையும் என்பதால் அந்தப் பன்னுக்கும் இதில் பங்கு உண்டு. நீங்கள் நன்றாகத் தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், எதுவும் சாப்பிடாமல் மறுபடி கொடுங்கள். அப்போதும் குறைவாக வந்தால் வேறொரு நாளில் இன்னொரு முறை. காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும் வாரத்தில் எடுக்க வேண்டாம்.

இரண்டு முறையும் குறைவாக இருந்தால் மட்டுமே ‘குறைபாடு’ என்ற பேச்சு எழும். உடல் பருமன் இல்லாத 19 முதல் 39 வயது வரையிலான ஆண்களுக்கு அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்து வகுத்த அளவு, ஒரு டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை. உங்கள் 272 அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது. 300-க்குக் கீழே போனால் குறைவு என்று கொள்ளும் மருத்துவச் சங்கங்களும் உண்டு. ஆனால் எண் மட்டும் குறைந்திருப்பது யாருக்கும் ஊசி போடக் காரணமாகாது. காலை விறைப்பு நின்றுவிட்டதா, ஆசை போய்விட்டதா, முகச்சவரம் செய்யும் இடைவெளி நீண்டுவிட்டதா? இவைதான் எனக்குத் தெரிய வேண்டும். வெறும் களைப்புக்கு ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி குறைவு, கடன் கவலை என்று நூறு காரணங்கள் இருக்கலாம்.

தூக்கக் குறைவே போதுமான காரணம். சிக்காகோ பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவில், பகல் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லையே தம்பி.

வயது 29, ஆத்தூர். கல்யாணமாகி இரண்டு வருடம். எட்டு மாதமாக வாரம் ஓர் ஊசி, 250 மில்லிகிராம். உடம்பு நன்றாக ஏறியிருக்கிறது. குழந்தைக்காகப் பரிசோதித்தபோது விந்தணு பூஜ்யம் என்று வந்தது. ஊசியை நிறுத்தினால் சரியாகுமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆண்மைக்காகப் போடும் ஊசி ஆண்மலட்டுத் தன்மையைத் தரும் என்பதை உங்களுக்கு ஊசி போட்டவர் சொல்லியிருக்க வேண்டும். இது மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து. அவரிடம் அது எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கதை.

நடந்தது இதுதான். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பி விரைகளை வேலை வாங்குகிறது. வெளியூர் நூல் லாரி லாரியாக வந்து இறங்கினால் உள்ளூர் மில்லில் ஷிஃப்டை நிறுத்தச் சொல்வார்கள் அல்லவா? ஊசி ஏறியதும் பிட்யூட்டரி அதைத்தான் செய்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிதமிஞ்சி இருக்கும். ஆனால் விந்தணு உற்பத்திக்கு விரைக்குள்ளேயே மிக அடர்த்தியாக இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் வற்றிப்போகும். விரைகளும் சுருங்கும். இதை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே பரிசோதித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 1990-இல் வெளியானது. வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆறு மாதத்தில் விந்தணு முற்றிலும் நின்றுபோனது. உங்கள் அளவு அதைவிட அதிகம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. அத்தகைய கருத்தடை ஆய்வுகளில் கலந்துகொண்டு, பிறகு ஊசியை நிறுத்தியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆறு மாதத்திலும், 90 சதவீதத்தினருக்கு ஓராண்டிலும் விந்தணு எண்ணிக்கை திரும்பியது. சிலருக்கு இரண்டு ஆண்டுகள் வரை ஆனது. ஆனால் அவர்கள் முன்பே பரிசோதிக்கப்பட்ட, சரியான எண்ணிக்கை உள்ளவர்கள். உங்களுக்கு ஊசிக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அதனால் ‘நிறுத்தினால் போதும்’ என்று உறுதி தர மாட்டேன்.

ஊசியை நிறுத்துங்கள், ஆனால் நிறுத்தும் வாரமே ஒரு நாளமில்லாச் சுரப்பி நிபுணரையோ ஆண்மைக்குறைவு சிகிச்சை தெரிந்த சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரையோ பாருங்கள். சொந்தச் சுரப்பு விழித்தெழும் வரை சில மாதங்கள் சோர்வும் மனத்தளர்ச்சியும் இருக்கும். பலர் அதைத் தாங்க முடியாமல் மறுபடி ஊசிக்கே போகிறார்கள். எச்.சி.ஜி., க்ளோமிஃபீன் போன்ற மருந்துகளால் உற்பத்தியைத் தூண்டலாம். அவற்றையும் ஜிம்மிலேயே வாங்கிவிடாதீர்கள். ஒரு விந்தணு உருவாகவே சுமார் இரண்டரை மாதம் ஆகும் என்பதால், மாதாமாதம் பரிசோதித்து மனம் நொந்துபோக வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

மனைவியிடம் இன்றே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நம் குடும்பங்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணைத்தான் ஸ்கேன் ஸ்கேனாகவும் கோயில் கோயிலாகவும் அலையவைப்பார்கள்.

வயது 24, ஓமலூர். கைப்பழக்கத்தால் டெஸ்டோஸ்டிரோன் தீர்ந்துபோகுமா?

போகாது. விந்து வெளியேறுவதால் ஹார்மோன் தீர்வதில்லை. இதற்கு மருந்து இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

வயது 22. ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை. இன்னும் தாடி, மீசை வரவில்லை, குரலும் உடையவில்லை. சிறுவயதிலிருந்தே வாசனையும் தெரியாது. காபி பூக்கும்போது எல்லோரும் மணக்கிறது என்பார்கள், எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. அப்பா, ‘போகப் போகச் சரியாகும்’ என்கிறார். ஊசி ஆபத்து என்கிறார்கள். போடலாமா?

இந்த மாதக் கடிதங்களிலேயே அவசரமானது உங்களுடையது. அப்பாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: 22 வயதுக்கு மேல் காத்திருப்பதில் பொருளில்லை.

வாசனையை நீங்கள் குறிப்பிட்டது நல்லதாயிற்று. தாயின் வயிற்றில் கரு வளரும்போது, பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் நரம்பணுக்கள் மூக்குப் பகுதியில் பிறந்து, வாசனை நரம்புகளின் வழியாகத்தான் மூளைக்குள் போய்ச் சேருகின்றன. அந்தப் பயணம் தடைப்பட்டால் வாசனையும் இருக்காது, பருவமும் வராது. இதற்குக் கால்மன் நோய்க்குறி என்று பெயர். உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. சந்தேகிக்க வலுவான காரணம் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனோடு எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரொலாக்டின் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். எல்.எச். அதிகமாக இருந்தால் கோளாறு விரையில். குறைவாகவோ, சாதாரணம் போலவோ இருந்தால் மேலே, பிட்யூட்டரி பக்கம். அப்படியானால் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டித் தொடங்கலாம்.

நோய் உறுதியானால் உங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆடம்பரம் அல்ல, இல்லாததை ஈடுசெய்யும் சிகிச்சை. அது இல்லாமல் குரலும் தசையும் மட்டுமல்ல, எலும்பும் பலவீனமாகவே நின்றுவிடும். சிறிய அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போவார்கள். பிற்பாடு குழந்தை வேண்டும் என்னும்போது அதை நிறுத்தி, எச்.சி.ஜி.யும் எஃப்.எஸ்.எச்.சும் கொடுத்து விந்தணுவை உண்டாக்க வாய்ப்பு உண்டு. மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பலருக்குக் கைகூடுகிறது.

வயது 31, எடை 108 கிலோ, சூரமங்கலம். குறட்டை அதிகம். இரண்டு பரிசோதனையிலும் 250-ஐ ஒட்டியே வந்தது.

குறைவுதான். ஆனாலும் ஊசி முதல் படி அல்ல. கொழுப்பு கூடும்போது டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் புரதம் குறைவதால், மொத்த அளவு உண்மை நிலையைவிடத் தாழ்வாகக் காட்டும். அந்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் ‘ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’ கணக்கையும் கேளுங்கள். சர்க்கரையைப் பாருங்கள். குறட்டையோடு மூச்சுத் திணறலும் இருக்கிறதா என்று தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். அதைக் கவனிக்காமல் ஊசி போட்டால் திணறல் கூடலாம். எடை இறங்கினால் டெஸ்டோஸ்டிரோன் தானாகவே ஏறும். தட்டுவடை செட்டை விடச் சொல்லவில்லை. தினமும் மாலையில் இரண்டு தட்டு என்பதைத்தான் விடச் சொல்கிறேன்.

வயது 27. க்ளைன்ஃபெல்டர் என்று குரோமோசோம் பரிசோதனையில் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க ஊசி என்கிறார் மருத்துவர். மாரடைப்பு வருமா?

உங்கள் மருத்துவர் சொல்வது சரி. ஆண்களில் ஏறக்குறைய 600 பேரில் ஒருவருக்கு இந்தக் கூடுதல் எக்ஸ் குரோமோசோம் இருக்கிறது. நீங்கள் தனி ஆள் அல்ல. இதய ஆபத்து உள்ள, 45 முதல் 80 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. டெஸ்டோஸ்டிரோனால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் ரத்தக் கட்டியும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் சற்றுக் கூடின. உங்கள் வயதுக்காரர்கள் அதில் இல்லை. உங்களுக்கு நான் கவனிக்கச் சொல்வது ரத்தம் தடிப்பதை: அறிக்கையில் பி.சி.வி. என்று இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு அது. 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி வைக்க வேண்டும். தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். உங்கள் நிலையில் உள்ள சிலருக்கு விரைக்குள் ஆங்காங்கே விந்தணு இருக்கும். நுண்ணறுவை சிகிச்சையில் அதை எடுத்து உறைய வைக்கலாம். அதற்கான ஆலோசனையை முடித்துக்கொண்டு ஊசியைத் தொடங்குங்கள்.