மேஜையில் ஒழுங்கு, களத்தில் பம்பரம்

இந்த மாதக் கடிதக் கட்டில் பாதி, ரோபோ எவ்வளவு திரும்பியது என்று அறிய உதவும் கைரோ சென்சாரைப் பற்றித்தான். ரோபோ போட்டிக்காலம் தொடங்கிவிட்டது என்று புரிகிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து நான்காக்கி இருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் பத்தாம் வகுப்பு மாணவர்கள் நான்கு பேர். கட்டம் போட்ட களத்தில் சரியாக 90 டிகிரி திரும்பும் ரோபோ செய்கிறோம். ரோபோவின் மூளையாக இருக்கும் போர்டு அர்டுயினோ ஊனோ. எந்த கைரோ வாங்கலாம்? 9 அச்சு சென்சார்தான் உசத்தி என்கிறான் ஒருவன்.

பதில்: உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு அச்சு: தரையிலிருந்து நேராக மேலே போகும் இசட் அச்சு. 9 அச்சு என்றால் கைரோ மூன்று, முடுக்கமானி மூன்று, காந்தமானி மூன்று. கடைசி மூன்றால்தான் வம்பு. மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி வைத்த திசைகாட்டி வடக்கையா காட்டும்? மோட்டாரைத்தான் காட்டும்.

முதல் ரோபோவுக்கு எம்பியு-6050 சிப் வைத்த ஜிஒய்-521 பலகை போதும். பழைய சிப்தான். ஆனால் அதனாலேயே அதற்கு எழுதப்பட்ட நிரல் நூலகங்களும் அதிகம், அதில் மாட்டிக்கொண்டு மீண்டவர்களும் அதிகம். கோணத்தைச் சிப்பே கணக்கிட்டுத் தரவேண்டும் என்றால் பாஷ் நிறுவனத்தின் பிஎன்ஓ055 இருக்கிறது. அதை வாங்கினால், காந்தமானியை ஒதுக்கிவிட்டு ஓடும் மோடைத் தேர்ந்தெடுங்கள். லெகோ ஸ்பைக் பிரைம் மாதிரி ஹப்புக்குள்ளேயே கைரோ உள்ள கிட் வைத்திருப்பவர்கள் எதுவும் வாங்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குங்கள். வந்தவுடன் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. சிப்புக்குள் எண்களை வைக்கும் சிறு அறைகளுக்குப் பதிவேடு என்று பெயர். ஹெக்ஸ் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) 75 என்ற பதிவேட்டைப் படித்தால் சிப் தன் அடையாள எண்ணைச் சொல்லும். அசல் 6050 என்றால் 68, இதுவும் ஹெக்ஸ்தான். 70 என்று வந்தால் உள்ளே இருப்பது எம்பியு-6500. பயப்பட வேண்டாம், அதுவும் நன்றாகவே வேலை செய்யும். நூலகம்தான் சில சமயம் 'ஆளைத் தெரியவில்லை' என்று முறைக்கும். அந்த ஒரு வரிச் சோதனையை மாற்றிவிட்டால் சரி.

கேள்வி: சார், மேஜைமேல் வைத்து ஓட்டினால் கோணம் அழகாக வருகிறது. களத்தில் மோட்டார் ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் ஜீரோவிலேயே நின்றுவிடுகிறது. ரோபோ நிற்காமல் சுற்றுகிறது. சென்சார் போலி என்று நினைக்கிறோம். வேறு வாங்கவா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. இதே கூத்தை நான் நடுக்களத்தில் பார்த்திருக்கிறேன். நான் வழிகாட்டிய குழுவின் ரோபோ முதல் இரண்டு திருப்பங்களை அளவெடுத்த மாதிரி எடுத்தது, மூன்றாவதில் பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நடுவர் சிரித்தேவிட்டார். அன்றிரவு மூன்று சென்சார் மாற்றிப் பார்த்தோம். மூன்றும் நல்லவை!

நடந்தது இதுதான். நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும்போதும், சட்டென்று திசை மாறும்போதும் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வாரி இழுக்கும். அந்தக் கணத்தில் மின்னழுத்தம் இறங்கும். அர்டுயினோ தாக்குப்பிடித்துவிட்டாலும் சென்சார் ரீசெட் ஆகலாம். எம்பியு-6050 ரீசெட் ஆனால் உறக்க நிலைக்குப் போய்விடும். அதன் பிறவிக்குணம் அப்படி. எழுப்ப, ஹெக்ஸ் 6பி பதிவேட்டில் 0 எழுதவேண்டும். உங்கள் நிரல் அதைத் தொடக்கத்தில் ஒருமுறை எழுதியதோடு சரி. உறங்கும் சென்சார் முகவரிக்குப் பதில் சொல்லும், அளவை மட்டும் ஜீரோவாகத் தரும். ரோபோவோ 'இன்னும் 90 வரவில்லையே' என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதலில் மின்சாரத்தைப் பிரியுங்கள். மோட்டார் டிரைவருக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஜோடி கம்பி, போர்டுக்குத் தனி ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம்) வழியாக இன்னொரு ஜோடி. போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து மோட்டாருக்கோ சர்வோவுக்கோ எடுக்கவே கூடாது. ஆனால் கிரவுண்டு, அதாவது மைனஸ் கம்பி, எல்லாவற்றுக்கும் பொது. அதையும் சேர்த்துப் பிரித்துவிட்டு 'ஒன்றுமே வரவில்லை' என்று எழுதுபவர்களும் உண்டு. ஒவ்வொரு மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்று வைத்து சால்டர் செய்யுங்கள். மோட்டார் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, சென்சார் கம்பியிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

அப்புறம் சென்சார் கம்பி. ஊனோவில் எஸ்டிஏ (தரவுக் கம்பி) ஏ4க்கு, எஸ்சிஎல் (கடிகாரக் கம்பி) ஏ5க்கு. மெகா போர்டு என்றால் முறையே 20, 21. இந்த இரண்டு கம்பியில் பேசும் முறைக்கு ஐ2சி என்று பெயர். அது ஒரு சர்க்யூட் போர்டுக்குள் சிப்புகள் பேசிக்கொள்ள வந்த ஏற்பாடு. அரை மீட்டர் கம்பியில் அதை இழுத்தால் முனகும். ஒரு சாணுக்குள் முடியுங்கள். ஜிஒய்-521 பலகையில் ரெகுலேட்டர் இருப்பதால் 5 வோல்ட் கொடுக்கலாம். ரெகுலேட்டர் இல்லாத பலகைக்கு அப்படிக் கொடுத்தால் முடிந்தது கதை. சிப் தாங்குவது மூன்றரை வோல்ட்டுக்கும் கீழேதான். பலகையோடு தனியாக வரும் பின்களைத் துளையில் சும்மா செருகி ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். கை வைத்து அழுத்தினால் வேலை செய்யும், எடுத்தால் நின்றுவிடும். சால்டர் செய்யுங்கள், அதுவும் நான்கு பின்களையும்.

இவ்வளவும் செய்த பிறகு நிரலில் ஒரு காவல் போடுங்கள். அவ்வப்போது அந்த 6பி பதிவேட்டைப் படியுங்கள். சென்சார் உறங்கிவிட்டிருந்தால் ஹெக்ஸ் 40 வரும். வந்தால் மறுபடி எழுப்பி, அளவு வரம்பையும் (சென்சார் அளக்கக்கூடிய உச்ச சுழல் வேகம்) மறுபடி எழுதுங்கள். வரம்பை மறந்துவிடாதீர்கள். ரீசெட் ஆனவுடன் அது விநாடிக்கு 250 டிகிரிக்குத் திரும்பிவிடும். நீங்கள் 500க்குக் கணக்குப் போட்டிருந்தால் கோணம் இரண்டு மடங்காக வரும், ரோபோ பாதியிலேயே நின்றுவிடும்.

கேள்வி: ரோபோ அசையாமல் நிற்கிறது. ஆனால் திரையில் கோணம் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. சென்சார் பழுதா?

பதில்: பழுதில்லை. கைரோ கோணத்தை அளப்பதில்லை, சுழலும் வேகத்தை அளக்கிறது. வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போய்க் கோணமாக்குவது உங்கள் நிரல். சும்மா இருக்கும்போதும் சென்சார் ஒரு சின்ன எண்ணைக் காட்டும். அது விநாடிக்கு அரை டிகிரி என்றே வையுங்கள். இரண்டு நிமிட ஆட்டத்தில் 60 டிகிரி ஆகிவிடாதா?

ஸ்விட்ச் போட்டதும் ரோபோவை அசைக்காமல் வைத்து, ஆயிரம் தடவை படித்து, சராசரி எடுத்து, அதை ஒவ்வொரு அளவிலிருந்தும் கழியுங்கள். தொடாதே என்றால் தொடாதே! பதற்றத்தில் அந்த இரண்டு விநாடிக்குள் யாராவது ரோபோவை நேராக்கப் போவார்கள், அந்த ஆட்டம் முழுக்கக் கோணம் கோணலாகப் போகும். லெகோ ஈவி3 கைரோ வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான்: கேபிளைச் செருகும்போது அசைந்தால் எண் ஓடத் தொடங்கிவிடும், கழற்றி, அசையாமல் பிடித்து மறுபடி செருகுங்கள். எங்கள் குழுவில் அளவு எடுக்கும்போது ஒரு சிவப்பு விளக்கு எரியும்படி வைத்தோம். விளக்கு அணையும்வரை எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளவேண்டும்.

இன்னொன்று, வரம்பு. கால் விநாடியில் 90 டிகிரி திரும்பும் ரோபோ விநாடிக்கு 360 டிகிரி வேகத்தில் சுற்றுகிறது. 250 வரம்பில் சென்சார் அதற்குமேல் எண்ண முடியாமல் முட்டி நிற்கும். 500 வையுங்கள், அப்போது சென்சார் தரும் எண்ணை 65.5ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை டிகிரி என்று கிடைக்கும். நேர இடைவெளியை '10 மில்லி விநாடி இருக்கும்' என்று உத்தேசமாகப் போடாமல் ஒவ்வொரு சுற்றிலும் மைக்ரோ விநாடிக் கடிகாரத்தைப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: சென்சாரை ரோபோவின் நட்டநடுவில்தான் பொருத்தவேண்டுமா? நடுவில் பேட்டரி இருக்கிறது.

பதில்: வேண்டியதில்லை. ஒரு கெட்டியான சட்டம் சுழலும்போது அதன் ஓரமும் நடுவும் ஒரே வேகத்தில்தான் திரும்புகின்றன. மூலையில் வைத்தாலும் கைரோவுக்கு ஒன்றுதான். சாய்வு மட்டும் ஆகாது. 10 டிகிரி சாய்ந்திருந்தால் 90 திரும்பியதை 88.6 என்று படிக்கும். நான்கு திருப்பத்தில் ஐந்தரை டிகிரிபோல அதிகமாகச் சுற்றியிருக்கும். மோட்டாரை விட்டுத் தள்ளி, அடியில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டி, மட்டமாகப் பொருத்துங்கள். பேட்டரி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.