டச்ஸ்கிரீன் அப்புறம், முதலில் பிரேக் பைப்

அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 2004 மாடல் செவர்லே டாஹோ இருக்கிறது. 5.3 லிட்டர் வி8, நான்கு சக்கர டிரைவ், 1,80,000 மைல் ஓடிவிட்டது. ஸ்பீடோமீட்டர் முள் இஷ்டத்துக்கு நிற்கிறது. மெதுவாகத் திரும்பும்போது ஸ்டியரிங்கில் 'டக்' என்று சத்தம். பிரேக் மிதி கொஞ்ச நாளாக முன்பைவிடக் கீழே போகிறது. டச்ஸ்கிரீன், எல்இடி ஹெட்லைட், முன்பக்கம் இரண்டு இன்ச் உயரம் எல்லாம் நானே வீட்டில் செய்யலாம் என்று நினைக்கிறேன். எதில் ஆரம்பிப்பது?"

பிரேக்கில் ஆரம்பியுங்கள். அது சரியாகும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். மிதி கீழே போகிறது என்பதை மற்ற இரண்டோடு சேர்த்து மூன்றாவதாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. உங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், இந்தத் தலைமுறை டாஹோவின் பிரேக் பைப்கள் துருப்பிடிக்கக்கூடிய எஃகு. 1999 முதல் 2003 வரையான ஜிஎம் டிரக், எஸ்யூவிகளில் பைப் துருப்பிடித்து உடைவதை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் நீண்ட நாள் விசாரித்து, 2015ல் ரீகால், அதாவது கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது, இல்லாமலேயே முடித்தது. உப்பு மாநிலங்களில் இருப்பவர்கள் வண்டியின் அடிப்பகுதியைக் கழுவுங்கள், பைப்பைச் சோதியுங்கள், துரு இருந்தால் மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னது. உங்கள் வண்டி அதற்கு அடுத்த வருட மாடல்தான், ஆனால் அதே சாசி, அதே உப்பு. மாற்றும் செலவும் வேலையும் உங்கள் தலையில்தான்.

எங்கே பார்ப்பது? வண்டியைத் தூக்க வேண்டாம். சமதரையில் நிறுத்தி, பார்க்கில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டார்ச்சோடு டிரைவர் பக்கம் கீழே எட்டிப் பாருங்கள். ஏபிஎஸ் யூனிட் அந்தப் பக்கத்துச் சாசியில்தான் உட்கார்ந்திருக்கிறது, அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் பைப் சாசியின் உள்பக்கமாக ஓடும். வழிநெடுக அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்களுக்குள்தான் உப்புச் சேறு போய் உட்காரும், வெளியே நன்றாகத் தெரியும் பைப் கிளிப்புக்குள் செதில் செதிலாக உரிந்துபோயிருக்கும். இன்னொருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள், ஈரம் பளபளத்தால் கதை முடிந்தது.

மாற்றுவதென்றால் நிக்கல்-செம்பு கலந்த பைப் சுருளாகக் கிடைக்கும். அதையே வாங்குங்கள், துரு பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். பழைய நட்டைக் கழற்றப் பிளேர் நட் ஸ்பேனர் வேண்டும், சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். நட் அசையவில்லையா, பைப்பை நட்டுக்குப் பக்கத்திலேயே வெட்டிவிட்டு ஆறுமுனை சாக்கெட்டை மாட்டித் திருப்புங்கள், பெரும்பாலும் வந்துவிடும். முனையில் போடும் பிளேர், அதாவது விரித்து மடிக்கும் வாய், இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். ஒற்றை மடிப்போ, தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற கம்ப்ரஷன் இணைப்போ பிரேக்கில் கூடவே கூடாது, அந்த அழுத்தத்தைத் தாங்காது. முதல்முறை செய்பவர் துண்டுப் பைப்பில் நாலைந்து பிளேர் போட்டுப் பழகிவிட்டு வண்டியில் கை வைப்பது நல்லது. கடைசியில் டாட் 3 பிரேக் ஆயில் ஊற்றி, பைப்பில் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது, இதுதான் வரிசை. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் மிதி என்ன செய்தாலும் மெத்தென்றே இருக்கும். அதற்கு ஏபிஎஸ் பம்பை ஓட்டிக் காட்டும் ஸ்கேனர் தேவை. அந்த ஒரு வேலைக்கு மட்டும் மெக்கானிக்கிடம் போவதில் தப்பே இல்லை, ஆனால் வண்டியை டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இது 5000 பவுண்டு எடையுள்ள வண்டி. ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், சாசியில் முட்டுக்கொடுத்த நல்ல ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் தலையை உள்ளே விடவே வேண்டாம்.

சரி, அந்த 'டக்' சத்தம். இந்த வண்டிகளில் அது பெரும்பாலும் ஸ்டியரிங் வீலையும் கீழே உள்ள ஸ்டியரிங் கியர்பாக்ஸையும் இணைக்கும் இடைத்தண்டு. கூட இருப்பவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்ட, நீங்கள் பானட்டுக்குள் கையை விட்டு அந்தத் தண்டைப் பிடித்துப் பாருங்கள், உள்ளே தட்டுவது கைக்கே தெரியும். கிரீஸ் அடித்தால் கொஞ்ச நாள் அடங்கும், திரும்ப வரும். புதுத் தண்டே போட்டுவிடுங்கள், மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட்தான். கழற்றும் முன் சக்கரங்களை நேராக வைத்து ஸ்டியரிங்கைப் பூட்டிவிடுங்கள். தண்டு கழன்ற நிலையில் ஸ்டியரிங் வீல் சுற்றினால் உள்ளே ஏர்பேக்குக்குப் போகும் சுருள் வயர் அறுந்துவிடும். தண்டில் ஆட்டமே இல்லையென்றால் முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகங்களான ஐட்லர் ஆர்ம், பால் ஜாயின்ட் பக்கம் தேட வேண்டும்.

கீழே படுத்திருக்கும்போதே, முன்பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸையும் பார்த்துவிடுங்கள். உங்களுடையது ஆட்டோ 4டபிள்யூடி பட்டன் உள்ள வண்டியாக இருந்தால், உள்ளே இருக்கும் ஆயில் பம்ப் கூட்டில் உரசி உரசி, பின்பாதியின் மேல்பக்கம் ஊசித் துளை போட்டுவிடும். மேலே இருப்பதால் வண்டி நிற்கும்போது ஒரு சொட்டுக்கூட விழாது, ஓடும்போது மட்டும் வெளியேறும். தரை சுத்தமாகத்தானே இருக்கிறது என்று பலரும் ஏமாறுவது இங்கேதான். நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள், அது வராமல் அடிப் பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்துவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஊற்ற வேண்டியது ஆட்டோட்ராக் 2, நீல நிறத்தில் இருக்கும். சாதாரண கியர்பாக்ஸ் ஆயில் வேண்டாம்.

ஸ்பீடோமீட்டர் முள் 2003 முதல் 2006 வரையான டாஹோக்களில் பரவலாக உள்ள வியாதி. முள்ளைச் சுற்றும் குட்டி ஸ்டெப்பர் மோட்டார் செத்துவிடுகிறது. எக்ஸ்27.168 என்ற எண்ணுள்ள மோட்டாரை செட்டாக வாங்கி, ஒன்று போனாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சால்டரிங் தெரிந்தவருக்கு ஒரு மதிய வேலை. முள்ளைப் பிடுங்கும் முன், மெதுவாக இடப்பக்கம் முட்டும்வரை திருப்பி அது எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது வேகம் தப்பாகக் காட்டும். மாட்டியபின் போனின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய இரும்புக் கடையில் வேறு வண்டியின் மீட்டரை வாங்கிப் போடும் எண்ணம் வேண்டாம், ஓடிய மைல் கணக்கு மீட்டருக்குள்தான் இருக்கிறது, சட்டச் சிக்கல் வரும். ஆயில் பிரஷர் முள் பூஜ்யம் காட்டினால் மட்டும் மோட்டார்தான் என்று முடிவுகட்டாதீர்கள். தனியாக ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டி உண்மையான அழுத்தத்தை அளந்துவிட்டு மேலே போங்கள்.

இப்போது உங்கள் ஆசைகள். டச்ஸ்கிரீன் தாராளமாகப் போடலாம், ஆனால் இந்த வண்டியில் சீட் பெல்ட், கதவு எச்சரிக்கை மணியெல்லாம் ரேடியோ வழியாகத்தான் வருகிறது. அதற்கான டேட்டா அடாப்டர் இல்லாமல் மாட்டினால் அத்தனையும் ஊமையாகிவிடும். ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்பு வேண்டாம் என்பேன். ஹாலஜனுக்காகச் செய்த கூட்டில் அது ஒளியைச் சிதறடித்து எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். மங்கிய கண்ணாடியைப் பாலிஷ் செய்து நல்ல ஹாலஜன் பல்பு போட்டாலே இரவில் வித்தியாசம் தெரியும். முன்பக்க உயரம், அதாவது முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பியின் போல்ட்டை முறுக்கி இரண்டு இன்ச் ஏற்றுவது, இந்த வயதில் வேண்டவே வேண்டாம். ஆக்சில் ஜாயின்ட்டின் கோணம் கெடும், பால் ஜாயின்ட் சீக்கிரம் போகும், பயணமும் குலுங்கும். அந்தக் காசில் கியர்பாக்ஸுக்குப் பெரிய ஆயில் கூலர் மாட்டுங்கள். டிரெய்லர் இழுப்பவர் என்றால் அது கட்டாயம், ஏனென்றால் இந்த நாலு கியர் ஆட்டோமேட்டிக்குக்குச் சூடுதான் முதல் எதிரி.

இதற்கெல்லாம் பணம் எடுத்து வைக்கும் முன் கூலன்ட் அளவை இரண்டு வாரம் கவனியுங்கள். வெளியே எங்கும் லீக் இல்லாமல் குறைந்துகொண்டே வந்தால் வால்வ் கவரைக் கழற்றி சிலிண்டர் ஹெட்டில் காஸ்டெக் என்ற வார்ப்பு நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வார்ப்பில் சில ஹெட்கள் வெடிப்பு விடுவதாக ஜிஎம்மே மெக்கானிக்குகளுக்கு அறிவிப்பு அனுப்பியது. அது இருந்து கூலன்டும் குறைந்தால், டச்ஸ்கிரீனுக்கு வைத்த பணம் ஹெட்டுக்குப் போகட்டும்.