ஓரிகன் மாநிலத்தில் வரி, மரம், தண்ணீர்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வரிக் கணக்குப் பார்ப்பது என் தொழில். வரி, தொழில் விதிகள், காடு, நீர் இவற்றில் அங்குள்ள பழமைவாதிகள் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான், அதை மறைக்காமலே பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: போர்ட்லேண்ட் நகரத்தை வைத்து ஓரிகனை எடைபோடாதீர்கள்.

புதுசா வந்தவன்: கடையில் விற்பனை வரியே இல்லையே, எப்படி?

மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒன்பது முறை வாக்குக்கு வந்து ஒன்பது முறையும் தோற்றது. கடைசியாகத் தோற்றது 1993-ல். மாநில வருமான வரி 9.9 சதவீதம் வரை போகிறது. அதைக் குறைக்காமல் இன்னொரு வரியா என்பதுதான் பழமைவாதிகளின் கேள்வி. இந்த விஷயத்தில் இடதுசாரிகளிலும் பலர் அவர்களோடுதான் நின்றார்கள், ஏழைகள் தலையில் விழும் வரி என்று.

இட்லிக்கடை: பீவர்ட்டனில் உணவகம் வைத்திருக்கிறேன் சார். லாபம் வராத வருஷத்திலும் ஒரு வரி கட்டச் சொல்கிறார்கள். இது நியாயமா?

நீங்கள் சொல்வது கார்ப்பரேட் ஆக்டிவிட்டி டாக்ஸ், லாபத்தைப் பார்க்காமல் விற்பனை மீது போடும் வரி. 2019-ல் பள்ளிகளுக்காகச் சட்டமானது, 2020 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். தனி முதலாளிக்கும் உண்டு, பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் கடைக்கும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வருஷத்துக்கு 24 லட்சம் டாலர் விற்பனை என்று வையுங்கள். சரக்குக் கொள்முதல் 12 லட்சம், சம்பளம் அதைவிடக் குறைவு. இரண்டில் எது பெரிதோ அதில் 35 சதவீதத்தைக் கழிக்கலாம், அதாவது 4,20,000. மீதி 19,80,000. அதில் முதல் 10 லட்சத்துக்கு மேல் உள்ள 9,80,000-க்கு 0.57 சதவீதம், கூடவே 250 டாலர். மொத்தம் 5,836 டாலர். கையில் 72,000 டாலர் நின்றால் அதில் எட்டு சதவீதம் இதற்கே போகிறது. ஒன்றும் நிற்காவிட்டாலும் அதே 5,836 கட்டத்தான் வேண்டும்.

மளிகைப் பொருள் விற்பனைக்கு இந்த வரி கிடையாது, சமைத்த சாப்பாட்டுக்கு உண்டு. ஒரே கடையில் இரண்டும் விற்றால் ரசீதுகளைத் தனித்தனியாக வையுங்கள். இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: மொத்த விற்பனை வேறு, லாபம் வேறு.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மரம் வெட்டுபவர், அறுவை மில், பலகைக் கடை, வீடு கட்டுபவர் என்று கை மாறும் இடத்தில் எல்லாம் இந்த வரி ஏறும். கடைசியில் அது வீட்டு விலையில் வந்து நிற்கும், வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. இதே பாணியில் பெரிய நிறுவனங்களின் விற்பனை மீது வரி போட 2016-ல் மெஷர் 97, 2024-ல் மெஷர் 118 என்று இரண்டு தீர்மானங்கள் மக்கள் வாக்குக்கு வந்தன. இரண்டையும் மக்கள் தோற்கடித்தார்கள்.

சாலை ஓரம்: விற்பனை வரி ஏன் இல்லை?

முதல் பதிலைப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை: கிக்கர் என்றால் என்ன அண்ணே? பணம் திரும்பி வருமாமே?

அரசின் வரவு மதிப்பீட்டைவிட 2 சதவீதமோ அதற்கு மேலோ கூடுதலாக வந்தால், அந்தக் கூடுதல் முழுவதையும் வரி கட்டியவர்களுக்கே திருப்பித் தர வேண்டும். 1979-ல் சட்டம், 2000-ல் அரசியல் சாசனத்திலேயே சேர்ந்தது. 2023-ம் ஆண்டுக் கணக்கில் வந்தது 560 கோடி டாலர். அவரவர் 2022-ல் கட்டிய மாநில வரியில் 44.28 சதவீதம்! மதிப்பீடு தவறினால் ஆதாயம் மக்களுக்கே, இந்த ஏற்பாட்டைப் பழமைவாதிகள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் கிடைக்கும். வரி பாக்கி இல்லை என்று தாக்கல் செய்யாமல் விட்டு இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நகரத்துக்காரி: ஜோசஃபைன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சொத்து வரி ஆயிரம் டாலர் மதிப்புக்கு 59 சென்ட்தானாம். அதை ஏற்றவும் விடமாட்டார்கள், போலீஸ் வரவில்லை என்று புலம்பவும் செய்வார்கள். இவர்களுக்காக நான் ஏன் பரிதாபப்பட வேண்டும்?

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கோபமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

1866-ல் ஒரு ரயில் கம்பெனிக்கு மத்திய அரசு ஏராளமான காட்டு நிலம் கொடுத்தது, குடியேறுபவர்களுக்குச் சிறு துண்டுகளாக விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கம்பெனி நிபந்தனையை மீறியது. 1916-ல் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அரசு நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது, கவுண்டிகளின் வரவு போயிற்று. அதற்கு ஈடாக 1937-ல் சட்டம் போட்டு, அங்கே வெட்டும் மரத்தின் பணத்தில் 18 கவுண்டிகளுக்குப் பங்கு என்றார்கள். நடைமுறையில் பாதி வந்துகொண்டிருந்தது. மரப்பணம் கொட்டியபோது சொத்து வரியை ஏற்றத் தேவையே இருக்கவில்லை. அதனால்தான் அந்த 59 சென்ட்.

1990-ல் புள்ளி ஆந்தை அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது, அது வாழும் காட்டைக் காக்க 1994-ல் வடமேற்கு வனத் திட்டம் வந்தது, அரசுக் காட்டில் வெட்டு அடியோடு விழுந்தது. அப்புறம் 1997-ல் மெஷர் 50 என்ற தீர்மானம் வந்து கவுண்டிகளின் நிரந்தர வரி விகிதத்தை இருந்த இடத்திலேயே பூட்டிவிட்டது. மக்களே விரும்பினாலும் அந்த 59 சென்ட்டை ஏற்ற முடியாது. சில ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும் தற்காலிக வரியை வாக்குக்கு விட்டு வாங்கலாம், அவ்வளவுதான். போர்ட்லேண்ட் இருக்கும் மல்ட்னோமாவின் நிரந்தர விகிதம் 4 டாலர் 34 சென்ட்டில் பூட்டப்பட்டது.

2012-ல் மரப்பணத்துக்குப் பதிலாக மத்திய அரசு தந்துவந்த ஈட்டுத் தொகை வற்றி, தற்காலிக வரியும் தோற்றபோது ஜோசஃபைன் ஷெரீப் (கவுண்டியின் காவல் தலைவர்) பெரும்பாலான காவலர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத் தடை வாங்கி வாழ்பவர்கள், போதிய காவல் உள்ள வேறு ஊருக்குக் குடிபோவதைப் பற்றி யோசிக்கலாம் என்று அந்த அலுவலகமே அறிக்கை விட்டது. 2017-ல் பக்கத்து டக்ளஸ் கவுண்டி தன் நூலகங்களை மூடியது. அதிலும் அந்த மக்கள் வரிக்கு வேண்டாம் என்று வாக்களித்தார்கள் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வருமானத்துக்கு வழியாக இருந்த காட்டைச் சட்டத்தால் சாத்திவிட்டு, நீயே உன்மீது வரி போட்டுக்கொள் என்றால் எவருக்கும் கசக்கும்.

மில்தொழிலாளி மகன்: ஆந்தை மேல் பழி போடாதீர்கள். என் அப்பா வேலை பார்த்த மில்லில் ஆளைக் குறைத்தது இயந்திரம்.

இரண்டும் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தத்தால் மில்கள் மூடின, மிஞ்சியவை இயந்திரத்தோடு மீண்டன. அதுவரை உங்கள் அப்பா கண்டது சரி. ஆனால் கவுண்டிக்கு வந்த பணம் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல, அரசுக் காட்டில் வெட்டிய மரத்தைப் பொறுத்தது. இயந்திரம் வேலையைக் குறைத்தது, கவுண்டியின் பங்கைக் குறைக்கவில்லை. அந்தப் பங்கைக் குறைத்தது கொள்கை.

நகரத்துக்காரி: தனியார் காடுகள்? பெரிய முதலாளிகளுக்கு வெட்டுமர வரியை நீக்கியது யார்? அந்தப் பணம் இருந்தால் நூலகம் மூடியிருக்குமா?

இந்த அடி வலுவானது. மேற்கு ஓரிகனில் தனியார் மரத்துக்கு இருந்த வரி 1990களில் தொடங்கிப் படிப்படியாக நீக்கப்பட்டது. அரசுக் காட்டில் வெட்டு விழுந்த அதே காலம். முதலீட்டு நிறுவனங்கள் கையில் இருக்கும் பெருங்காடுகளுக்கு அந்தச் சலுகை அளவு மீறியது என்றே நான் நினைக்கிறேன், என் பக்கத்தவர்கள் பலர் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் 50 ஏக்கர் வைத்து, நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெட்டும் குடும்பத்தை அவர்களோடு ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மில்தொழிலாளி மகன்: அப்படியென்றால் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

1937 சட்டம், காடு தாங்கும் அளவுக்கு நிரந்தரமாக வெட்டு நடக்க வேண்டும் என்கிறது. அதை நடத்துங்கள் என்கிறேன். முதுமரங்களைத் தொட வேண்டாம். நெருக்கமாக நட்டு வளர்ந்து, தீக்கு விறகாக நிற்கும் இளங்காட்டைக் கலைத்து வெட்டுங்கள். கவுண்டிகளும் மர நிறுவனங்களும் இதற்காக வழக்கிட்டன. மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுப் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2024-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கேட்க மறுத்துவிட்டது. இனி மாநிலச் சட்டமன்றமல்ல, தலைநகர் வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் வழிவிட வேண்டும்.

வயக்காட்டான்: தெற்கு ஓரிகனின் கிளாமத்தில் 2001-ல் விவசாயிகளுக்குத் தண்ணீரை நிறுத்தினார்களே?

வறட்சி ஆண்டு, ஏரியின் சக்கர் மீனுக்கும் ஆற்றின் கோஹோ சால்மனுக்கும் தண்ணீர் வேண்டும் என்று வாய்க்காலை அடைத்தார்கள். விதைப்புக் காலத்தில் நீரை நிறுத்துவது கொடுமை, இழப்பீடு கேட்டது நியாயம். ஆனால் முந்தியவருக்கே முதல் உரிமை என்பதுதான் 1909 முதல் ஓரிகனின் நீர்ச் சட்டம், பழமைவாதிகள் போற்றும் சட்டம். அந்த அளவுகோலில் கிளாமத் பழங்குடிகளின் உரிமை எல்லோருக்கும் மூத்தது. மாநிலமே 2013-ல் அதை உறுதி செய்துவிட்டது. கொள்கை பேசுபவர்கள் இதையும் ஏற்க வேண்டும்.

பேரிக்காய்: பண்ணைத் தொழிலாளருக்கு ஓவர்டைம் கொடுப்பதைக்கூட எதிர்க்கிறார்களே?

2022 சட்டப்படி வாரத்துக்கு 55 மணி நேரத்தைத் தாண்டினால் ஓவர்டைம், பிறகு 48, 2027 முதல் 40 என்று அந்த வரம்பு இறங்குகிறது. 1938-ல் மத்திய ஓவர்டைம் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களை விட்டுவிட்டது அநியாயம்தான். ஆனால் பழம் அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும். அந்த வாரங்களுக்கு விலக்குக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. சிறு பண்ணை ஓவர்டைம் தராமல் நேரத்தைக் குறைத்தால் தொழிலாளிக்கும் நஷ்டம்.

எல்லைக்கோடு: கிழக்கு ஓரிகன் பக்கத்து மாநிலமான ஐடஹோவோடு சேருமா?

இரு மாநிலச் சட்டமன்றங்களும் காங்கிரசும் ஒப்ப வேண்டும். நடக்காது.

ஹில்ஸ்போரோ அக்கா: வீடும் ஓய்வூதியச் சேமிப்பும் சேர்த்து 12 லட்சம் டாலர் தாண்டுகிறது. பிள்ளைகளுக்கு வரி வருமா தம்பி?

வரும் அக்கா. மத்திய வரி வராது, ஆனால் மாநில மரணச் சொத்து வரி 10 லட்சத்துக்கு மேல் தொடங்குகிறது. 2023-ல் பண்ணை, காடு, மீன்பிடித் தொழில் சொத்துக்கு 1.5 கோடி வரை விலக்குக் கொடுத்தார்கள், நிபந்தனைகளோடு. சாதாரண வீட்டுக்காரருக்கு அது கிடையாது. உயிலும் சொத்து விவரமும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள், என் பதிலை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஆறாம் விரல்: விற்பனை வரி வருமா வராதா?

மறுபடியுமா? முதல் பதிலைப் படியுங்கள். புதிதாகக் கேட்பவர்கள் தங்கள் கவுண்டியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். சொத்து வரிக் கேள்விக்கு அது இல்லாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.