என்சைம் என்று அச்சிட்டாலே கூடுதல் விலை: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். சூட்டில் நொதிகள், அதாவது என்சைம்கள், செயலிழந்துவிடும் என்று பயாலஜியில் வருகிறது. எங்கள் வீட்டில் 'என்சைம் உள்ளது' என்று போட்ட விலை கூடிய சலவைத்தூள்தான் வாங்குகிறோம். அம்மா அதைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் கலக்கித் துணியை ஊறவைக்கிறார். அப்படியானால் கொடுத்த காசு வீண்தானே?

பதில்: கொதிநீர் என்றால் ஆமாம், கூடுதலாகக் கொடுத்த காசில் பெரும்பகுதி வாளியிலேயே போய்விடுகிறது. ஆனால் தூளில் டிடர்ஜென்ட், சோடா எல்லாம் இருக்கின்றன, அவை வெந்நீரிலும் வேலை செய்யும். துணி எப்படியும் வெளுத்துவிடுவதால் அம்மாவுக்குச் சந்தேகமே வராது.

கறையில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ரத்தம், முட்டை, பால் எல்லாம் புரதக் கறைகள். புரதம் தண்ணீரில் தானாகவும் உடையும்தான், ஆனால் அதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உடைவதற்கு முன் அது ஒரு மேட்டைத் தாண்டியாக வேண்டும். உன் புத்தகம் கிளர்வு ஆற்றல் என்று சொல்வது அந்த மேட்டைத்தான். சூடேற்றுவது பின்னால் நின்று தள்ளுவது மாதிரி. நொதி தள்ளுவதில்லை, மேட்டையே தணித்துவிடுகிறது.

எப்படித் தணிக்கிறது? நொதி என்பது பெரும்பாலும் ஒரு நீண்ட புரதச் சங்கிலி. அது மடிந்து மடிந்து ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் நிற்கும். அந்த வடிவத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், அதுதான் ஆக்டிவ் சைட். கறையின் புரதம் அந்தப் பள்ளத்தில் வந்து அமர்ந்ததும், சுற்றியுள்ள அமினோ அமிலங்கள் அதன் ஒரு பிணைப்பை இழுத்துத் தளர்த்தி, தண்ணீரைக் கொண்டு வெட்டிவிடுகின்றன. துண்டுகள் நீரில் கரைந்து போகும். நொதி அப்படியே இருக்கும், அடுத்ததைப் பிடிக்கும். நம் ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு, நொடிக்குச் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளைக் கையாளும். எல்லா நொதிக்கும் அந்த வேகம் கிடையாது. ஆனால் ஒன்றே திரும்பத் திரும்ப உழைப்பதால்தான் சலவைத்தூளில் துளியளவு சேர்த்தாலே போதுமாகிறது.

சூடு அதிகமானால் அந்த மடிப்புகள் பிரிந்துவிடும். பள்ளம் போனால் வேலையும் போயிற்று. முட்டை வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதும் இதே சங்கதிதான். ஆறிய பிறகு அது பழையபடி ஆவதில்லை.

எந்தச் சூட்டில் பிரியும் என்பதுதான் நொதிக்கு நொதி மாறும். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் 1913-லேயே விலங்குக் கணையத்திலிருந்து எடுத்த நொதியைச் சலவைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது சலவைச் சோடாவின் காரத்தில் சரியாக ஓடவில்லை. 1960-களில் பேசில்லஸ் பாக்டீரியாக்களிலிருந்து சப்டிலிசின் என்ற நொதி வந்த பிறகுதான் வியாபாரம் சூடுபிடித்தது. இது காரத்தையும் தாங்கும், 50-60 டிகிரியிலும் வேலை செய்யும். அதனால் புத்தகமும் சரி, பாக்கெட்டும் சரி. கொதிநீர்தான் இரண்டுக்கும் ஒத்துவராது.

அம்மாவிடம் இதைச் சொல்: கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும், அரை மணி நேரம் ஊறட்டும், கூடவே பிளீச்சிங் பவுடர் போட வேண்டாம், அது நொதியையே சிதைத்துவிடும். ரத்தக் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் அந்தப் புரதமும் முட்டை மாதிரி இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பட்டு, கம்பளி இரண்டையும் இந்தத் தூள் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அவையும் புரதம்தான். கறை எது, பட்டு எது என்று நொதிக்குத் தெரியாது.

கேள்வி: அதே மாதிரி தூள்தான் நானும் வாங்குகிறேன். சாம்பார் கறையில் மஞ்சள் போகவே மாட்டேன் என்கிறது. சோப்பு பட்டதும் சிவப்பாக வேறு மாறுகிறது. போலிச் சரக்கா?

பதில்: போலியாக இருக்காது. சாம்பார் கறை என்பது ஒரே கறை அல்ல. பருப்பின் புரதத்துக்குப் புரோட்டியேஸ், மாவுச்சத்துக்கு அமைலேஸ், எண்ணெய்க்கு லைப்பேஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் வேண்டும். நல்ல தூளில் இந்த மூன்றும் இருக்கலாம். பாக்கெட்டில் வெறுமனே 'என்சைம்' என்று போட்டிருந்தால் எது இருக்கிறது என்று தெரிய வழியில்லை, பெயர் விவரம் போட்டிருப்பதை வாங்குவது நல்லது. மஞ்சளின் நிறம் குர்குமின். அது புரதமும் இல்லை, மாவும் இல்லை, கொழுப்பும் இல்லை. அதனால் இந்த மூன்று நொதியும் அதைத் தொடாது. காரம் பட்டால் குர்குமின் சிவக்கும், சோப்பில் நீங்கள் பார்ப்பது அதுதான். எண்ணெயும் பருப்பும் போகும்படி துவைத்துவிட்டு, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெயில் குர்குமினைச் சிதைக்கும். இதற்குத் தனியாகச் செலவு எதுவும் இல்லை.

வாழைக்கறையும் டீக்கறையும் இந்த நொதிகளுக்கு அடங்காதவைதான்.

கேள்வி: சாப்பிட்டதும் வயிறு உப்புசமாக இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் என்சைம் சிரப் ஒன்றைத் தருகிறார்கள். மாதம் மூன்று பாட்டில் ஆகிறது. தொடரலாமா?

பதில்: பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஃபங்கல் டயஸ்டேஸ் 1:1200, பெப்சின் 1:3000 என்று இருக்கும். முதல் எண்ணுக்குப் பொருள், ஒரு கிராம் டயஸ்டேஸ் 1200 கிராம் மாவுச்சத்தைச் செரிக்கும் என்பது. பெப்சினுக்கும் அதே கணக்குதான், அங்கே மாவுக்குப் பதில் முட்டைப் புரதம். படித்தால் ஒரு பந்திச் சாப்பாடே செரித்துவிடும் போல் தோன்றும். ஆனால் அந்த எண் பரிசோதனைக் கூடத்தில், அந்த நொதிக்குப் பிடித்த சூட்டிலும் பிடித்த பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) அளவிலும் எடுத்தது.

உங்கள் வயிறு பரிசோதனைக் குழாய் இல்லை. பூஞ்சையிலிருந்து எடுக்கும் டயஸ்டேஸுக்கு இலேசான அமிலம், அதாவது பிஎச் 5 வாக்கில் இருந்தால் சௌகரியம். காலி வயிற்றின் பிஎச் 1.5-2. சாப்பாடு விழுந்த புதிதில் அமிலம் கொஞ்சம் நீர்த்திருக்கும், அந்த நேரத்தில் டயஸ்டேஸ் ஓரளவு வேலை செய்யும். அமிலம் ஏற ஏற அதன் மடிப்பு குலையும், கடைசியில் பருப்போடு பருப்பாக அதுவும் செரித்துப்போகும். பெப்சினுக்கு அந்த அமிலம் பிடிக்கும்தான், ஆனால் உங்கள் வயிறே அதைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. உமிழ்நீரிலும் கணையத்திலும் மாவைச் செரிக்கும் அமைலேஸ் தாராளமாக இருக்கிறது. இருக்கிற கூட்டத்தில் இன்னும் இரண்டு பேரைச் சேர்க்க மாதம் மூன்று பாட்டில் எதற்கு?

கணையம் பழுதானவர்கள் கதை வேறு. அவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் பேன்கிரியேட்டின் கேப்ஸ்யூல் உண்மையிலேயே தேவை. அதில் நொதித் துகள்களின் மேல் வயிற்று அமிலத்தில் கரையாத பூச்சு இருக்கும், குடலுக்குப் போய்த்தான் திறக்கும். அதனால்தான் அதைக் கடித்துச் சாப்பிடக் கூடாது என்கிறார்கள். உங்களுக்கு உப்புசம் மாதக்கணக்கில் நீடிக்கிறதென்றால் சிரப்பை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். எடை குறைவது, மலத்தில் ரத்தம் போன்றவை இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

கேள்வி: பால் குடித்தால் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. லாக்டோஸ் இல்லாத பால் வாங்கினேன். இனிப்பாக இருக்கிறது. சர்க்கரை சேர்க்கிறார்களா?

பதில்: பொதுவாக இல்லை. பாலிலிருந்து அதன் இயற்கைச் சர்க்கரையான லாக்டோஸை எடுத்துவிடுவதாக நினைக்கிறோம். பெரும்பாலும் செய்வது, லாக்டேஸ் நொதியைச் சேர்த்து லாக்டோஸைக் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் வெட்டுவதுதான். இரண்டுமே லாக்டோஸைவிட இனிப்பு. மொத்தச் சர்க்கரை அளவு மாறுவதில்லை, அதனால் சர்க்கரை நோயாளிகள் ஏமாற வேண்டாம். லேபிளில் 'சேர்த்த சர்க்கரை' என்ற வரியைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

முன்னதாகத் தயிரைச் சாப்பிட்டுப் பாருங்கள். பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியை ஏற்கெனவே தின்றிருக்கும், மீதிக்கும் அதனுடைய நொதி குடலில் கைகொடுக்கும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துப்போகிறது. தயிர் ஒத்துக்கொண்டால் விலை கூடிய பாலுக்கு அவசரம் இல்லை. பால் பட்டாலே தடிப்பு, மூச்சுத் திணறல் வருகிறவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அது பால் புரத ஒவ்வாமை, லாக்டோஸ் இல்லாத பாலிலும் அந்தப் புரதம் இருக்கிறது.

கேள்வி: சீஸ் சைவம்தானா? கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி போடுகிறார்களாமே.

பதில்: பாலைத் திரிக்க அந்த நாளில் அதைத்தான் போட்டார்கள், பெயர் ரென்னெட். இப்போது பூஞ்சையிலிருந்து எடுக்கும் நொதியோ, ரென்னெட்டில் உள்ள அதே நொதியை நுண்ணுயிரிகளை வைத்துத் தயாரிக்கும் கைமோசினோ பரவலாக இருக்கிறது. இரண்டாவதற்கு அமெரிக்கா 1990-ல் அனுமதி கொடுத்தது. நம் ஊர்ப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும். ஹோட்டலில் வெளிநாட்டுச் சீஸ் தூவித் தந்தால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: சுகர் டெஸ்ட் ஸ்ட்ரிப் 50 எண்ணிக்கையில் வாங்கினால் மலிவு. வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: வாரம் ஒருமுறை பார்க்கிறவர் என்றால் வேண்டாம். ஸ்ட்ரிப்பின் நுனியில் உலர்ந்த நிலையில் ஒரு நொதி இருக்கிறது, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அல்லது குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ். ரத்தத்தின் குளுக்கோஸிலிருந்து அது எலக்ட்ரான்களைப் பிடுங்கித் தர, மீட்டர் அந்த மின்னோட்டத்தை அளக்கிறது. ஈரமும் சூடும் பட்டால் நொதி வீணாகும், எண் தவறாக வரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் மேலே ஈரம் படியும், அதனால் அங்கே வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட்டுவிடக் கூடாது. பாட்டிலுக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது, ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு மூடுங்கள். திறந்தபின் எத்தனை மாதம் என்று பாட்டிலில் எழுதியிருக்கும், அந்தக் காலத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். இன்னொன்று, மாம்பழம் நறுக்கிய விரலை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழத்திலும் குளுக்கோஸ் இருக்கிறது, ஸ்ட்ரிப் அதையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.